எழுந்திருக்க ஒரு நாற்காலி

சிவமயம்

நேமத்தான்பட்டி
ஸ்ரீமுக வருஷம், ஐப்பசி மாதம்

பினாங்கிலிருக்கும் சிரஞ்சீவி சாத்தப்பனுக்கு அப்பச்சி ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே என் முழங்கால் இரண்டும் நீங்கலாக மற்ற எல்லாரும் க்ஷேமம். நீ அங்கே முழங்கால் உள்பட க்ஷேமமாக இருக்க மீனாட்சி சொக்கர் துணை. மழை நன்றாகப் பெய்து ஊருணி நிரம்பிவிட்டது. செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. உன் தங்கை சாலாவுக்குத் தை மாதம் கல்யாணம் என்பதால் உன் ஆத்தா வீட்டுப் பெண்டுகளையெல்லாம் கூட்டிக்கொண்டு காரைக்குடிக்குப் புடவை எடுக்கப் போயிருக்கிறாள். வண்டியோடு வண்டிக்காரன் சோணையும் போய்விட்டான். அதனால் இதை ஜன்னல் கட்டையில் காகிதத்தை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன். உட்கார்ந்தால் திரும்ப எழுப்பிவிட வீட்டில் ஆள் கிடையாது. எழுத்து கோணியிருந்தால் பொறுத்துக்கொள்.

நீ அனுப்பிய நாற்காலியைப் பற்றித்தான் எழுத வேண்டும். வந்து சேர்ந்தது, நன்றாயிருக்கிறது என்று உன் ஆத்தா எழுதியிருப்பாள். அவளுக்கு அவ்வளவுதான் தெரியும். கட்டைப் பிரித்தபோது வெறும் சட்டங்களாகத்தான் கிடந்தது, கூட ஒரு இங்கிலீஷ் காகிதம். அதை யார் படிப்பது? ஆனால் படிக்கவே வேண்டியிருக்கவில்லை. இடது பக்கத்துத் துளை வேறு, வலது பக்கத்துத் துளை வேறு, மாற்றிப் பூட்டப் பார்த்தால் சட்டமே உட்காராது. திருகு மரைக்கு இரண்டு பக்கமும் காது போலத் தகடு வைத்திருக்கிறான் செய்தவன், விரலாலேயே முறுக்கிவிடலாம், கொல்லனைக் கூப்பிட வேண்டாம். நானே தரையில் உட்கார்ந்து பூட்டினேன், சாலா கூட இருந்து எடுத்துக் கொடுத்தாள். அதில் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் செய்தவனின் மூளை தெரிந்தது. இரண்டு கையும் இருக்கையைத் தாண்டி ஒரு சாண் முன்னால் நீண்டிருக்கின்றன. உள்ளங்கையை அங்கே ஊன்றி, குதிகாலை உள்ளே இழுத்துக்கொண்டு (அதற்காகவே முன்பக்கம் குறுக்குச் சட்டம் வைக்காமல் விட்டிருக்கிறான்) ஒரு அழுத்து அழுத்தினால் ஆள் தானாக எழுந்துவிடுகிறான். மனிதன் உட்காருவதை எல்லாரும் யோசிப்பார்கள், அவன் எழுந்திருக்க வேண்டுமே என்று யோசித்தவனை நான் இப்போதுதான் பார்க்கிறேன். இரண்டு வருஷமாக உன் ஆத்தாவும் சோணையும் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிய என்னை அந்த நாற்காலி ஒருவர் துணையுமில்லாமல் நிற்க வைத்தது. சொன்னால் சிரிப்பாய், முதல் நாள் சும்மா சும்மா எழுந்து எழுந்து உட்கார்ந்தேன்.

அந்தச் சுகம் ஒரு வாரம். ஒரு நாள் குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன், நாற்காலியைக் காணோம். மச்சு அறையில், சாலாவின் வெள்ளிக்கும் வெண்கலத்துக்கும் நடுவில், குங்குமப் பொட்டு வைத்து உட்கார்ந்திருக்கிறது. கேட்டால் உன் ஆத்தா, “நீங்க இப்புடி நாளெல்லாம் உக்காந்து எந்திரிச்சா பிரம்புப் பின்னல் தொய்ஞ்சு போகாதா? கல்யாணத்துல சீர்ச் சாமான் பரப்புறப்ப பினாங்குச் சாமான் ஒண்ணாச்சும் இருக்கணும்ல” என்கிறாள். சாலா, “அப்பச்சிக்கே குடுத்துருங்க ஆத்தா, எனக்கு வேணாம்” என்று சொல்லிப் பார்த்தாள். அதற்கு, “நாளைக்கு மாமியா வீட்டுக்குப் போனதும் ஒன் அண்ணன் கடல் கடந்து சம்பாரிச்சு ஒண்ணும் அனுப்பலையான்னு கேட்டா நீயா பதில் சொல்லுவ, நாந்தானே கேவலப்படணும்” என்று அவள் வாயை அடைத்துவிட்டாள். மச்சு அறைச் சாவி அவள் இடுப்பில் தொங்குகிறது. அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

எனக்கு மிச்சம் இருப்பது முகப்பில் கிடக்கும் சிங்கமுக நாற்காலி. ஐயா காலத்தில் ரெங்கூனிலிருந்து வந்தது, தேக்கில் கடைந்தது, ஊரே மெச்சும். பள்ளமும் ஆழமுமாக உள்ளே இழுத்துக்கொள்ளும். கை இரண்டும் வாயைப் பிளந்த சிங்கமாக முடிகின்றன. சிங்கத்தின் பல்லிலா நான் உள்ளங்கையை ஊன்றுவது? ஆவணியில் நாள் குறிக்க மாப்பிள்ளையின் தகப்பனார் ஏகப்பன் வந்தபோது அதில்தான் மாட்டிக்கொண்டேன். அவரைக் கண்டதும் எழுந்தேன், பாதியில் பிடி நழுவித் திரும்ப உட்கார்ந்துவிட்டேன். அவர் கண்ணில் பட்டது நான் உட்கார்ந்தது மட்டும். முகம் சுருங்கிவிட்டது. பந்தியில் அரைகுறையாகச் சாப்பிட்டுவிட்டு, வண்டி ஏறும்போது, “பொண்ணு வீட்டுக்காரகளுக்கு எந்திரிச்சு வாங்கன்னு சொல்லக்கூட மனசு வரலையே” என்றாராம், சோணை வந்து சொன்னான். முழங்கால் வலி என்று சொல்லியனுப்பலாம் என்றால், பெண் கொடுக்கிற வீட்டில் நோய் நொடி இருப்பதாகச் சம்பந்தி காதில் விழக்கூடாதாம். கல்யாணத்தன்று எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி உள்ளறையில் படுக்க வைத்துவிடலாம் என்பது உன் ஆத்தாவின் யோசனை. என் மகள் கல்யாணத்தில் எனக்குக் காய்ச்சலாம்! நாளெல்லாம் நின்றுகொண்டே இருக்கவும் காலில் தெம்பில்லை, இப்போதே இடது கால் நடுங்குகிறது.

சரி, ஒன்று செய்துகொள்வோம் என்று சின்னச்சாமி ஆசாரியைக் கூப்பிட்டு மச்சு அறை ஜன்னல் வழியாகக் காட்டி, அதே போல் வேண்டும் என்றேன். கெட்டிக்காரர்தான், இழைப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் நீண்ட கைகளை வெட்டிக் குட்டையாக்கி, முனையில் கைக்கொரு கிளி வைத்துவிட்டார். “கை அம்புட்டு நீட்டிக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கு, ஐயா? வேட்டியில மாட்டும்ல” என்கிறார். முன்னால் பலத்துக்கு ஒரு குறுக்குச் சட்டமும் போட்டிருக்கிறார். எது எனக்கு வேண்டுமோ அதையெல்லாம் எடுத்துவிட்டு மற்றதை அச்சு அசலாகச் செய்திருக்கிறார். இதில் கூத்து என்னவென்றால், கிளி அழகாயிருக்கிறது என்று அதையும் உன் ஆத்தா மச்சுக்கு ஏற்றிவிட்டாள். சாலாவுக்கு இரண்டு நாற்காலி ஆயிற்று.

போன வாரம் காரைக்குடி டாக்டர் மோட்டார் சைக்கிளில் வந்தார். அவர் மருந்து எழுதுகிற நேரத்தில் அதைச் சுற்றிப் பார்த்தேன். பெட்ரோல் தொட்டியின் இரண்டு பக்கமும் ஓட்டுகிறவன் முழங்கால் பதிய ரப்பர் மெத்தை வைத்திருக்கிறான். வாங்கப் போகிறேனோ என்று டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கேயோ சீமையில் ஒருவன், யார் எவர் என்று தெரியாதவன் முழங்காலுக்காக யோசித்திருக்கிறான், இந்த வீட்டில் இத்தனை பேர் இருந்தும் என் முழங்காலை நினைக்க ஆளில்லையே என்று மனது விட்டுப் போயிற்று.

நீ மார்கழியில் கப்பல் ஏறுவதாக எழுதியிருக்கிறாய். மழையில் நனையாதே, கொதித்தாறிய தண்ணீர் குடி, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொள். வரும்போது அதே நாற்காலி இன்னொன்று கொண்டுவா. புதுக் கருக்கோடு வந்தால் இதுவும் மச்சுக்குப் போய்விடும். ஆகையால் நாகப்பட்டினத்தில் இறங்குமுன் முதுகுச் சட்டத்தில் ஆணியால் நெடுக ஒரு கோடு கிழித்துவிடு. தயங்காமல் ஆழமாகக் கிழி, உன் ஆத்தா பார்த்தவுடன் கப்பலில் அடிபட்டுவிட்டது, சீருக்கு ஆகாது என்று தள்ளிவிட வேண்டும். மாப்பிள்ளை அழைப்பன்று ஏகப்பன் வாசலில் செருப்பைக் கழற்றும்போது, யார் கையையும் பிடிக்காமல் நான் எழுந்து நின்று வாருங்கள் என்று சொல்ல வேண்டும், அப்பா. வேறொன்றும் எனக்கு வேண்டாம்.

வண்டிச் சத்தம் கேட்கிறது. ஆத்தாவுக்கு எழுதும்போது இதைப்பற்றி மூச்சு விடாதே. பிள்ளையார்பட்டிப் பிள்ளையார் கிருபையால் நோய் நொடியின்றித் தீர்க்காயுசாக இருந்து, தொழில் விருத்தியாகி, சுகமாய் ஊர் வந்து சேர். கோடு கிழிக்கும்போது கைச்சட்டத்தில் மட்டும் ஆணி படாமல் பார்த்துக்கொள், அங்கேதான் நான் ஊன்ற வேண்டும்.

இப்படிக்கு,
ஜன்னலோரம் நின்றபடி,
உன் அப்பச்சி
சேவுகன்