வராத புகைக்கு வைத்த கையெழுத்து

கப்பல்துறை,
திருகோணமலை.

அன்பின் மகன் ரஜீவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் இரண்டு மாடுகளும் கோணேசப் பெருமான் புண்ணியத்தில் நல்ல சுகம், நீயும் அந்தப் பேர்கன் நகரத்துக் குளிரில் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் அவரைத்தான் கேட்கிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் என்றால் நீ ‘சரியம்மா, சரியம்மா’ என்று பாதியில் வேலைக்கு ஓடிவிடுவாய். இது ஆறுதலாக வாசிக்க வேண்டிய விஷயம், அதனால் பக்கத்து வீட்டுக் கௌசிகாவிடம் கொடுத்துப் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அப்பா கட்டிய சாணிக் காஸ் குழியை நான் ஒரு கையெழுத்தால் கொம்பனிக்காரருக்குத் தாரைவார்த்துவிட்டேன், மகன். அதை மீட்க இருபதாம் திகதிக்கு முன் உன்னுடைய உதவி வேண்டும்.

குழி வந்த கதை உனக்குத் தெரியும், ஆனாலும் நீ எழுதப்போகும் கடிதத்தில் ஒழுங்காக வர வேண்டும் என்பதால் சொல்கிறேன். இரண்டாயிரத்து இருபத்திரண்டில், எண்ணெய் சேமிக்கும் பெரிய குதங்களுக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு மண்ணெண்ணெய்க்குப் போத்தலோடு வரிசையில் நின்றோமே, அப்போதுதான் அப்பாவுக்கு ரோசம் வந்தது. துறைமுகத்தில் வெல்டிங் செய்த மனுசன், கந்தளாயில் கல் எடுத்து மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் கட்டினார். மூன்று தரம் காஸ் ஒழுகியது, நாலாம் தரம் நீலமாக எரிந்தது. அன்றிலிருந்து சிலிண்டர் வாங்கவில்லை. எங்கள் மாடுகளின் சாணி போதாது என்று பக்கத்து வீட்டுச் சுலோஜனா காலையில் ஒரு வாளி கொண்டுவந்து தருகிறாள், அதனால் இந்த வருடம் அவளுடைய குசினி அடுப்புக்கும் குழாய் இழுத்துத் தருவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார்.

வைகாசியில், காஸ் அடுப்பு ஓசியில் தருகிறோம் என்று கொம்பனி வந்தது. வந்தவள் தம்பிராசா அண்ணையின் மகள் பிரியதர்சினி, நெற்றியில் திருநீறு, வாயில் தேன். எனக்கு அப்போதே மனம் சொன்னது, சும்மா கொடுக்க வந்தவள் ஏன் இத்தனை தரம் மணிக்கூட்டைப் பார்க்கிறாள் என்று. உனக்குப் போன் எடுத்தேன், நீதான் “ஓசியில தந்தா வாங்கி வையுங்கோ, என்ன நட்டம்” என்றாய். அப்பா அன்று கந்தளாய்க்குப் போயிருந்தார். இரண்டு வாய் உள்ள புது அடுப்பைக் கொண்டுவந்து எங்கள் குழாயில் பூட்டினார்கள். படம் எடுக்கவும் ஒருவன் வந்திருந்தான். “அன்ரி, புது அடுப்பெல்லே, பால் காய்ச்சுங்கோ, வடிவா இருக்கும்” என்றாள். புது அடுப்பு என்றால் பால் காய்ச்சாமல் இருப்போமா? நான் மஞ்சள் சேலை உடுத்து, கோலம் போட்டு, பால் பொங்கக் கும்பிட்டு நின்றேன். பிறகு இங்கிலிசில் மூன்று பேப்பர். நாணயமான குடும்பத்துப் பிள்ளை, கேட்டால் கோவிப்பாளோ என்று வாசிக்காமலே கையெழுத்து வைத்துவிட்டேன்.

போன கிழமை அப்பா சுலோஜனா வீட்டுக்குக் குழாய் புதைக்க மண்வெட்டியை எடுத்தார். மறுநாளே பிரியதர்சினி ஸ்கூட்டியில் வந்து “ஏலாது அங்கிள், பத்து வருசத்துக்கு எங்களைக் கேக்காமல் ஒண்டும் மாத்தேலாது” என்றாள். சுலோஜனாவின் மகள் கௌசிகா கம்பஸில் படிக்கிறவள், பேப்பரை வாங்கி வாசித்தாள். குழியைக் கட்டித் தந்ததே கொம்பனியாம். அதுவரை நான் விறகுப் புகையில் கண் கலங்கிக் கிடந்தேனாம். முதல் முதல் அடுப்பு எரிந்த நாளுக்கு அத்தாட்சி நான் பால் காய்ச்சுகிற படமாம்! நான் புகையவிடாத புகையை அவர்கள் வெளிநாட்டுக் கொம்பனிகளுக்கு விற்கிறார்களாம். அந்தக் கொம்பனிகள் தங்கள் புகையைக் குறைக்காமல், எங்கள் வீட்டில் குறைந்ததாகச் சொல்லும் கணக்கைக் காட்டித் தப்பிக்கொள்வார்களாம். பிடித்த மீனை விற்கவே பக்கத்துச் சல்லி ஊர்ச் சனம் படுகிற பாடு, இவர்கள் வராத புகையை விற்கிறார்கள். இந்த ஊரில் அறுபது வீட்டுக்குக் குழி கொடுத்ததாகவும் எழுதியிருக்கிறார்கள். சுலோஜனாவும் நானும் இருந்து எண்ணிப் பார்த்தோம், மாடு உள்ள வீடே பத்தொன்பதுதான். போன முறை வந்தபோது நீ விமானச் சீட்டோடு, விமானம் விடும் புகைக்குப் பரிகாரமாக ஏதோ காசு கூடக் கட்டினேன் என்று பெருமையாகச் சொன்னாயே, அது யாருடைய பைக்குப் போனது என்று கேட்டுப் பார். உன் அப்பா கட்டிய குழிக்கு நீயே யாருக்கோ பணம் கட்டியிருந்தாலும் ஆச்சரியமில்லை.

அப்பா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறியிருப்பேன். “பால் காய்ச்சினது பிழையில்லை, இது என்ரை மனுசன் கட்டினது எண்டு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே” என்றார், அவ்வளவுதான். அன்றிலிருந்து குழிப்பக்கம் போகிறதில்லை, முன் விறாந்தையில் கதிரையைப் போட்டு றோட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். சாணி கரைக்கிறது நான்தான். கரைக்கும்போதெல்லாம் அழுகை வருகிறது.

இருபதாம் திகதி கொம்பனியின் கணக்குச் சரியா என்று பார்வையிட வெளிநாட்டிலிருந்து ஒருவர் வருகிறாராம். “முந்தி விறகுதான் எரிச்சனாங்கள் எண்டு மட்டும் சொல்லுங்கோ அன்ரி, குழாய்க்கு நான் அனுமதி எடுத்துத் தாறன்” என்று பிரியதர்சினி நேற்று வந்து கையைப் பிடித்தாள். தன் வேலை போய்விடும் என்று அழுதாள். பாவம்தான், அவளையும் யாரோ இப்படிப் பேச்சுக் கொடுத்து ஏமாற்றித்தான் சேர்த்திருப்பார்கள். சுலோஜனாவிடம் கேட்டேன், “பொய் சொல்லி வாற காஸ் எனக்கு வேண்டாம் அக்கா” என்று சொல்லிவிட்டாள்.

ஆகவே மகன், எனக்கு இங்கிலிசில் ஒரு கடிதம் எழுதித் தா. குழியைக் கட்டியவர் என்ரை மனுசன் அருளம்பலம், கட்டிய வருடம் இது, கொம்பனி தந்தது அடுப்பு மட்டும் என்று எழுது. அடுப்பை வேண்டுமானால் கழற்றிக்கொண்டு போகட்டும். நான் வாசிக்காமல் கையெழுத்து வைத்தேன், படத்துக்காகப் பால் காய்ச்சினேன் என்பதையும் எழுது. அம்மாவுக்கு மரியாதைக் குறைவு என்று பார்த்து மெழுகாதே. கௌசிகா சொல்லித் தருவாள், வந்தவருக்கு முன்னால் நின்று நானே வாசிப்பேன். அப்பாவையும் பக்கத்தில் நிற்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஓம் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, மல்லித் தண்ணீர் குடி, போனில் எதையும் வாசிக்காமல் சம்மதம் என்று அமத்தாதே. நீ நீடூழி வாழ வேண்டும், நல்ல இடத்தில் கலியாணமும் கைகூட வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
அ. தங்கரத்தினம்
(முதலிலிருந்து இரண்டு தரம் வாசித்துப் பார்த்துத்தான் இந்தக் கையெழுத்து)