கூத்துச் சுருதிக்கு ஏற்றிய கிட்டார்

பாலக்கோடு
மாசி மாதம் 28ஆம் தேதி, 1939

சிரஞ்சீவி வெங்கடாசலத்துக்கு உன் அப்பன் பச்சியப்பன் மனதார ஆசீர்வாதம் செய்து எழுதுவது. மாரியம்மன் புண்ணியத்தில் இங்கே நானும் உன் அம்மாவும் மாடு கன்றும் சௌக்கியம், பம்பாயில் நீயும் உன் அச்சாபீஸ் வேலையும் அப்படியே இருக்கிற சேதியை எழுதிப் போடு. செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, கேழ்வரகு அடித்துக் குதிரில் சேர்த்தாயிற்று, கிணற்றில் இன்னும் இரண்டு ஆள் ஆழம் தண்ணீர் நிற்கிறது, அந்த மட்டில் குறையில்லை. உன் கடிதத்தில்தான் இரண்டே வரி இருந்தது. நீங்கள் சொன்னபடி கிட்டார் வகுப்பை நிறுத்திவிட்டேன், சித்திரைக்குள் வராவிட்டால் என் இடத்தை வேறொருவனுக்குக் கொடுத்துவிடுவதாக வாத்தியார் சொல்கிறார், பாதகமில்லை என்று எழுதியிருந்தாய். உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், அன்றைக்கு எனக்குக் களி இறங்கவில்லை.

பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது நான் பேசியதை மறந்திருக்க மாட்டாய். எட்டு மாசமாகக் கற்றும் ஒரு பாட்டு உருப்படியாக வரவில்லை, நான் இருபத்திரண்டு வருஷமாகக் கூத்துக்கு ஆர்மோனியம் வாசிக்கிறவன், இதை மூன்றே நாளில் வாசித்துக் காட்டுவேன், நீ வகுப்பை விட்டுவிடு என்று நாலு பேர் எதிரில் சொன்னேன். நீ கிட்டாரைச் சுவரில் மாட்டிவிட்டுச் சின்ன ரயிலேறிப் போய்விட்டாய். நீ போன மறுநாளே அதை இறக்கினேன். வீம்புதான், வேறென்ன. கம்பியெல்லாம் என் காதுக்கு ஒழுங்கில்லாமல் கேட்டதால் ச, ப, ச என்று தம்பூராவைப் போல மாற்றிக் கட்டி, நம் கூத்துக்காரர் பாடுகிற உச்சக் கட்டைக்கு முறுக்கினேன். மெல்லிய கம்பி பட்டென்று அறுந்து கன்னத்தில் கோடு போட்டது. மிச்சம் ஐந்து கம்பியில், நீ புள்ளி வைத்து எழுதிவைத்த காகிதத்தைப் பார்த்து விரலை வைத்தால் ஒரே அபசுரம். பையன் தப்பாக எழுதியிருக்கிறான் என்று சந்தை வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டேன். உன் அம்மா, “புள்ள எழுதுனது தப்பா, நீங்க முறுக்குனது தப்பான்னு தெரிஞ்சவங்களக் கேளுங்க, மாடு மெரளுதுங்க” என்றாள்.

கேட்டேன். ராயக்கோட்டை பங்களாவில் துரைக்குச் சமையல் செய்கிற சவுரியப்பனை உனக்குத் தெரியாது, பெங்களூரில் மாதாகோயில் பாட்டுக்குக் கிட்டார் வாசித்தவராம். சந்தைக்கு வந்தவரை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். தொட்டுப் பார்த்துச் சிரித்தார் பார், “இதக் கூத்தாட வெச்சிட்டீங்களே அண்ணே” என்று. அவரே ஒரு கம்பி கொண்டுவந்து போட்டு, ஒரு கம்பிக்கு அடுத்தது மத்தியமத்தில் நிற்க வேண்டும், ஒரே ஓரிடத்தில் மட்டும் காந்தாரம் என்று சேர்த்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு உன் காகிதத்தில் ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை.

நமக்கு ஒரு சுரத்துக்குப் பின் ஒரு சுரம், ச என்பது உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாது. இதில் மூன்று சுரம் ஒன்றாகப் பேசுகிறது. ச க ப, அப்புறம் ம த ச, அப்புறம் ப நி ரி, கடைசியில் திரும்பி வீட்டுக்கு வருகிறது. நம்பாமல் ஆர்மோனியத்தில் மும்மூன்று கட்டையாக அழுத்திப் பார்த்தேன், இருபத்திரண்டு வருஷம் என் விரலுக்கடியில் இருந்தது எனக்கே தெரியவில்லையே என்று வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. தெரிந்தால் மட்டும் போதுமா, விரல் வர வேண்டாமா? மண்வெட்டி பிடித்து உள்ளங்கைதான் காய்த்திருக்கிறது, விரல் நுனி பச்சைப்பிள்ளையாக இருக்கிறது, கொப்பளம் வந்து உடைந்து மறுபடி வந்தது. ச க ப என்கிற முதல் பிடியிலிருந்து இரண்டாவதுக்குத் தாளம் தவறாமல் மாற எனக்கு நாற்பது நாள் பிடித்தது. மூன்று நாள் என்றவன் நான்.

அப்பா வெங்கடாசலம், எட்டு மாசம் ஒன்றுமே இல்லையடா. நீ வேலையும் பார்த்துக்கொண்டு அவ்வளவு தூரம் வந்திருக்கிறாய், அதைத் தெரியாமல் நாலு பேர் எதிரில் உன்னைக் குறைத்துப் பேசிவிட்டேன். உன் காகிதம் சரி என்று போன சந்தையில் அதே ஆட்களிடம் சொல்லிவிட்டேன், சிரித்தார்கள், சிரிக்கட்டும்.

சவுரியப்பனின் துரை சீமைக்குப் போவதால் அவர் பம்பாய் வரை கூட வருகிறார். இந்தக் கடிதத்தையும் கிட்டாரையும் அவரிடமே கொடுத்தனுப்புகிறேன், உன் அம்மா தன் பழைய சேலையில் சுற்றித் தைத்துவிட்டாள். கட்டிவைத்த பிறகும் என் இடதுகை தொடையின் மேல் அந்த மூன்று பிடியைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது, அதற்காக நீ வருத்தப்படாதே. வாரம் ஒருநாள் எண்ணெய் தேய்த்துக் குளி, இடதுகை நகத்தை வளரவிடாதே, வாத்தியார் கோபித்தால் எதிர்த்துப் பேசாதே. அங்கே சொல்லிக்கொடுப்பதை ஒவ்வொரு பாடமாக எனக்கும் எழுதி அனுப்பு, ஆர்மோனியத்தில் போட்டுப் பார்க்கிறேன், இந்தத் தடவை தப்பு என்று சொல்ல மாட்டேன்.

நீ நோய்நொடி இல்லாமல் நல்லபடி இருக்க நானும் உன் அம்மாவும் ஆசீர்வதிக்கிறோம். சித்திரைக்கு இன்னும் ஒரு மாசம்தான் இருக்கிறது என்பதை ஞாபகத்தில் வை. கிட்டார் கைக்கு வந்த அன்றைக்கே வாத்தியார் வீட்டுக்குப் போ. ஏன் நின்றாய் என்று கேட்டால் உள்ளதைச் சொல், என் அப்பாவுக்கு அப்போது தெரியாது என்று.

இப்படிக்கு,
அவசரப்பட்டுப் பேசிவிட்ட உன் அப்பன்,
பச்சியப்பன்