கடைசி வரியில் பேராவூரணி

ஆடி 20, செவ்வாய்

வாய்க்கால் நீர்மட்டப் பட்டியலை வரிவரியாக அனுப்பும்படி இன்று ஹாஸ்கெல் என்ற புரோகிராம் மொழியில் மாற்றி எழுதினேன். சர்வர் முழுவதையும் சேர்த்துவைக்காது. விவசாயியின் போன் கேட்கக் கேட்கத்தான் அடுத்த வரியை உருவாக்கும். ஆனால் பக்கம் வெள்ளையாகவே நின்றது. மதியம்தான் பிடிபட்டது. வழக்கம்போல மொத்த வாய்க்கால் எண்ணிக்கையைப் பட்டியலின் உச்சியில் வைத்திருந்தேன். அதை எழுதவே புரோகிராம் கடைசிவரை படித்தாக வேண்டும். அந்த வரியை அடியில் போட்டதும் கல்லணைப் பக்கத்து வரிகள் உடனே ஓடி வந்தன.

பெருமையாக, தண்ணீர் கடைசியாக எட்டும் பேராவூரணியின் விவசாயி செல்வராஜ் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

“வருதாண்ணே?”

“மேல ஊரெல்லாம் வருதும்மா. எங்க ஊரு இன்னும் வரலை. அதைப் பாத்துத்தான் நாத்து விடணும். கடைமடைன்னா போன்லயும் கடைசிதானா?”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலைமடையிலிருந்து கடைமடைக்கு என்று வரிசை போட்டது நான்தான். அப்படிப் போடச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

எல்லா வாய்க்கால்களையும் த்ரெட் என்னும் தனித்தனி இழைகளில் ஒரே நேரத்தில் படித்து, எது முதலில் தயாராகிறதோ அதை அனுப்பினால் என்ன? தண்ணீர் மேலிருந்துதான் இறங்கும். என் பட்டியலும் அப்படித்தான் இறங்க வேண்டும் என்று யார் சொன்னது?