மாளுக் கார்

மச்சான்,

இன்று காலை பொனட்டைத் தூக்கியதும் மீன் மணம் மூக்கில் அறைந்தது. நீ செய்த மாதிரியே எஞ்சினுக்கு முன்னால் ஐஸ் போட ஒரு றெஜிபோம் பெட்டியைப் பொருத்தி வைத்திருக்கிறேன். சந்தையில் கெஞ்சி வாங்கிய பழைய மீன் பெட்டி அது. சவர்க்காரம் போட்டுக் கழுவினேன், தேசிக்காய் தேய்த்தேன், வெயிலில் காய வைத்தேன். கீரிமீன் தன் உரிமையை விட்டுக்கொடுப்பதாக இல்லை. அந்த மணத்தோடு நீயும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்ற மாதிரி இருந்தது.

"சூட்டுக் காத்து சோம்பேறி மச்சான். குளிர் காத்துத்தான் வேலை செய்யும்" என்பாய். ஐஸ் தொழிற்சாலையில் எழுதுவினைஞனாக இருந்தவனுக்கு உலகத்தில் எந்த வருத்தத்துக்கும் மருந்து ஐஸ்தான். பல்வலிக்கு ஐஸ், கண்வலிக்கு ஐஸ், காருக்கும் ஐஸ். அதுவும் எப்படிப்பட்ட கார். இரண்டே கதவுள்ள, சிவப்பாய் இருந்து ரோசாவாய் வெளிறிய, தட்டையான ஜப்பான் கார். கனடா போன யாரோ ஒரு கொந்தராத்துக்காரரின் மகன் கொட்டிலுக்குள் விட்டுப்போனதை, சமாதான காலத்தில் நீ உழவு மெசினில் கட்டி இழுத்து வந்தாய். ஸ்டியரிங்கில் நான் இருந்தேன். பிரேக் இல்லை என்பதை நீ எனக்குச் சொன்னது ஊர்வலம் முடிந்த பிறகு.

இழுத்து வந்த இடம்தான் வில்லங்கம். நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடித்த ஆண்பிள்ளை ஒரு சூட்கேசோடு போய் அங்கே ஒட்டிக்கொள்கிறவன். சூட்கேசோடு வந்த மருமகன் சில வருடம் கழித்துக் காரோடு வந்து நின்றால் மாமியார் என்ன செய்வார்? உன் மாமி முருங்கை மரத்தடியில் நின்று, எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார்: "என்ட முருங்கைக்குப் பக்கத்தில இந்தச் சவத்தைக் கொண்டு வந்து போட்டிரிக்காரே. ஏன் கா, இவருக்குப் புத்தி சொல்ல ஒரு கூட்டாளியும் இல்லையா?"

கூட்டாளி நான்தான். புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்பது மாமிக்கும் தெரியும்.

காரின் மகிமை டர்போவில் இருந்தது. வீணாய்ப் போகிற புகையே ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றும், அந்தச் சக்கரம் எஞ்சினுக்குள் மேலதிகக் காற்றை ஊதும், வேகம் பிடித்தால் விசில் அடிக்கும் என்று நீ எனக்குப் பாடம் எடுத்தாய். ஒரேயொரு நிபந்தனை. ஓடி வந்த சூட்டோடு எஞ்சினை நிப்பாட்டினால் சக்கரத்தின் அச்சில் எண்ணெய் கருகிப் பிடித்துக்கொள்ளும். "ஒரு வெத்திலை மடிக்கிற நேரம் சும்மா ஓட விட்டுட்டுத்தான் நிப்பாட்டோணும்." இது டர்போவின் சட்டம். றோட்டை மறிக்கும் ஆமிச் சென்றியின் சட்டம் வேறு: கை காட்டினால் அந்த இடத்திலேயே எஞ்சினை நிப்பாட்டி இறங்க வேண்டும்.

இரண்டு சட்டத்துக்கும் நடுவில் நீ ஒரு வழி கண்டுபிடித்தாய். சென்றி கண்ணில் படுவதற்கு வெகு முன்னாலேயே காரை நடக்க விட்டாய், சூடு ஆறட்டும் என்று. ஒரு சென்றிக்கும் அடுத்த சென்றிக்கும் இடையில் வேகம் எடுக்க இடமே இல்லை. ஆகவே மட்டக்களப்பின் ஆக வேகமான கார், சைக்கிளில் பாண் கொண்டு போகிறவருக்கு வழி விட்டு ஒதுங்கி ஓடியது. விசிலை நீயோ நானோ ஒரு நாளும் கேட்கவில்லை.

"ஒரு நாளைக்குச் சென்றி இல்லாத றோட்டில, மூண்டாம் கியரில மிதிச்சு, அது பாடுறதைக் கேக்கோணும்" என்றாய்.

"வாவியில மீன் பாடுதாம். அதையே இன்னும் கேக்கல்ல. இனி இரும்பும் பாடோணுமா?"

"மீன் பொய் சொல்லும். இது சொல்லாது."

கல்லடிப் பாலத்துச் சென்றியில் ஒரு நாள் பொனட்டைத் திறக்கச் சொன்னார்கள். பெட்டிக்குள் கரைந்துகொண்டிருந்த ஐஸையும் எழுந்த மணத்தையும் கண்ட கோப்ரல் "மே மொக்கத?" என்றான், இது என்னவென்று. நீ உனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் செலவழித்து விளக்கினாய். அவனுக்கு விளங்கியது ஒரு சொல்தான். மீனுக்கு அவர்கள் மாளு என்பார்கள். "மாளு கார்" என்று சொல்லிச் சிரித்தான். அன்றிலிருந்து பாலத்தில் அதுதான் பெயர். வீட்டில் வந்து நீ பெருமையாகச் சொன்னபோது மாமி வாயை மூடவில்லை. "மாளுக் காரா? பேர் பொருத்தம்தான். இது ஆளையும் மாள வைக்கும்."

அந்தப் பகிடியை நாம் அப்போது ரசித்துத்தான் சிரித்தோம்.

அந்த மார்கழி ஞாயிறு கடல் வந்தது. நான் வாவிக்கு இந்தப் பக்கம் இருந்தேன். நீ கடலுக்கும் வாவிக்கும் நடுவில். மனைவியையும் மகளையும் மாடிக் கட்டடத்தில் ஏற்றிவிட்டுத் திரும்பி வீட்டுக்கு ஓடினாய். உன்னையும் மாமியையும் இரண்டாம் நாள் கண்டெடுத்தோம். காரைப் பிறகு கண்டோம், வாவிக் கரையில் கண்டல் மரங்களுக்குள், மூக்கைச் சேற்றில் குத்தியபடி.

ஊர் உடனே கதை கட்டிவிட்டது. நீ காரை எடுக்கத்தான் திரும்பிப் போனாயாம். மாமிக்காகப் போனாய் என்பதை ஒருவரும் நம்பவில்லை. நீயும் மாமியும் பேசிக்கொண்டதெல்லாம் சண்டைதானே. சலூனில், சந்தையில், செத்த வீட்டிலேயே பேசினார்கள்: "பேரிலேயே இரிந்ததே, மாளுக் கார்." மச்சான், ஊர் வம்பில் நான் இளைத்தவன் இல்லை. பல கதைகளுக்குக் கையும் காலும் வைத்து அனுப்பியவன். ஆனால் இந்தக் கதை என் தொண்டையில் முள்ளாய் நின்றது.

அகதி முகாமில் உன் மனைவி என்னைக் கூப்பிட்டாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு திறப்பை எடுத்தாள். கார்த் திறப்பு.

"ஞாயிற்றுக்கிழமையில மீன் வாங்கித் தந்தாத்தான் திறப்பைக் குடுப்பன் அண்ணன். அண்டைக்கு அவர் இன்னும் சந்தைக்குப் போகல்ல. திறப்பில்லாம ஆராவது காரை எடுக்கப் போவாங்களா?"

திறப்பை என் கையில் வைத்தாள்.

"அதைப் பழைய இரும்புக்குக் குடுத்தா ஊர் சொன்னதுதான் உண்மையாப் போகும். ஓட வைங்க. ஓடினா வேற கதை பேசுவாங்க."

திறப்புக் கதையை நான் எங்கள் அலுவலகத்திலேயே ஆகப் பெரிய வாய்க்காரரிடம், ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு சொன்னேன். பின்னேரத்துக்குள் ஏறாவூர் வரை போயிருந்தது. மற்றது, ஓட வைப்பது. அது அவ்வளவு சுகமாய் முடியவில்லை.

இப்போது கார் என் மனைவியின் வளவுக்குள். "காணி எனக்குத்தான் சீதனம் தந்தது, உங்கட கூட்டாளிட காருக்கில்ல" என்றாள் மல்லிகா. ஆனாலும் உப்பைக் கழுவத் துலா இழுத்துக் கிணற்றுத் தண்ணீர் அள்ளித் தந்தவளும் அவள்தான். எஞ்சினிலிருந்து வடிந்த எண்ணெய் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. கதவு இடுக்குகளில் கடல் மண். வயர்கள் பச்சை பூத்து, தொட்டால் உதிர்ந்தன. நான் கழற்றுவதில் மன்னன். பூட்டும்போது ஒவ்வொரு முறையும் சில ஆணிகள் மிஞ்சின. மிஞ்சியதைப் பால்மா டின்னில் போட்டு, மறுபடி கழற்றி, மறுபடி பூட்டினேன். பின் சீற்றில் கோழி அடை கிடந்தது. மழையும் சண்டையும் மாறி மாறி வந்தன. கையில் கிடைத்த நாளிலெல்லாம் நான் காருக்குக் கீழே கிடந்தேன். விடுகிற எண்ணம் எனக்கு வரவேயில்லை. என்னை அறிந்தவர்களுக்கு அதுதான் ஆச்சரியம்.

காரின் மூளையாகிய கொம்பியூட்டர் பெட்டி உப்பில் செத்துப்போயிற்று. கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு பழையதைத் தேடிப் பிடித்து, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். சண்டை உச்சத்தில் நிற்கும் காலத்தில், வயர் தொங்கும் கறுப்புப் பெட்டியோடு மட்டக்களப்பானொருவன் சென்றி சென்றியாய் இறங்கி ஏறுவது எத்தகைய புத்திசாலித்தனம் என்பது வழியில்தான் உறைத்தது. கடைசியில் பாலத்துக்குக் கிட்ட என்னை இறக்கி, சுவரோடு நிற்க வைத்தார்கள். "சேர், இது காரின் மூளை" என்றேன். "அப்ப உன்ட மூளை எங்க?" என்று ஒருவன் உடைந்த தமிழில் கேட்டான். நியாயமான கேள்வி. அப்போது என் வாயில் வந்த ஒரே சிங்களச் சொல், "மாளு கார்".

உள்ளே இருந்து பழைய கோப்ரல் எட்டிப் பார்த்தான். பெட்டியைத் திருப்பிப் பார்த்தான். "அந்த ஐஸ் ஆள் எங்க?" என்றான். கடல் பக்கம் கையைக் காட்டினேன். அவன் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டான். பிறகு பெட்டியை என் கையில் தந்து, போ என்றான். மாமி சாவைக் கண்ட அந்தச் சொல் அன்று என்னை வீட்டுக்கு அனுப்பிவைத்தது.

டர்போ இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெயில் ஊறப் போட்டேன். மல்லிகா விளக்குக்கு மண்ணெண்ணெய் தேடும்போதெல்லாம் நான் வேறு பக்கம் பார்த்தேன். ஒரு நாள் சக்கரத்தைத் துடைத்து, சும்மா வாயால் ஊதினேன், பிள்ளைகள் காற்றாடியை ஊதுவது போல. சுழன்றது. மறுபடி ஊதினேன். மல்லிகா வந்து தானும் ஊதிப் பார்த்தாள்.

சண்டை முடிந்து, காப்பெற் றோட்டும் போட்ட பிறகு ஒரு ஞாயிறு, உன் மனைவியை முன்னாலும் மகளைப் பின்னாலும் ஏற்றிக்கொண்டு பாசிக்குடாப் பக்கம் போனேன். வந்தாறுமூலை தாண்டியதும் இரு பக்கமும் வட்டை, கண்ணுக்கெட்டும் வரை பச்சை நெல். றோட்டு நேராய்க் கிடந்தது. சென்றி இல்லை. மூன்றாம் கியரில் மிதித்தேன்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு மெல்லியதாய், கேத்தில் தண்ணி கொதிக்கப் போகிற மாதிரி தொடங்கி, அது மேலே மேலே ஏறியது. வயலில் கொக்குகள் எழும்பின. உன் மனைவி நேரே பார்த்தபடி இருந்தாள்.

"இவ்வளவு காலமும் இதுக்குத்தானா அண்ணன்?"

"ஓம், தங்கச்சி."

யன்னல் கண்ணாடியை இறக்கினாள். பிறகு, "இன்னொருக்கா அடிங்க" என்றாள்.

திரும்பி வந்து அவர்களின் புது வீட்டு வாசலில் நிறுத்தினேன். எஞ்சினை நிப்பாட்டவில்லை. "இறங்கல்லையா மாமா?" என்றாள் மகள். நான் வாய் திறக்க முன் உன் மனைவி சொன்னாள்: "பொறு புள்ள. வெத்திலை மடிக்கிற நேரம்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அவருக்கு மடிக்கவே தெரியாது அண்ணன். நான்தான் மடிச்சுக் குடுப்பன். வேணுமெண்டே மெதுவா மடிப்பன். அவ்வளவு நேரமெண்டாலும் பக்கத்தில இரிப்பார்."

எஞ்சின் தன்பாட்டில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. சூடு ஆறியதும் அவளே கையை நீட்டித் திறப்பைத் திருப்பினாள், உருவி எடுத்தாள், முந்தானையில் முடிந்தாள்.

இப்போது ஊர் வேறு கதை பேசுகிறது. மீன் நாறுகிற காரில் இந்தக் கிழடுகள் விசில் அடித்துக்கொண்டு திரிகிறார்களாம். நல்ல கதைதான். மோட்டார் சைக்கிளைக் கூட நான் உடனே நிப்பாட்டுவதில்லை, அலுவலகத்தில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். உன்னை அப்படி ஒரேயடியாய் நிப்பாட்டிய காலையின் மேல் எனக்குள்ள கோபம் அந்த நேரத்தில்தான் கொஞ்சம் ஆறுகிறது.

இன்று ஞாயிறு. பொனட்டை மூடிவிட்டேன். ஓட்டம் முடிந்து கார் என் வளவுக்கு வந்தால் திறப்பு அவளிடம் போய்விடும், சட்டம் பழைய சட்டம்தான். பையில் கீரிமீன் இருக்கிறது. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் திறப்பை வாங்கி வருகிறேன்.