முறை வைத்து விளையாடிய கம்ப்யூட்டர்

இன்று காலை என் கம்ப்யூட்டர் கடையில் ஒரு பழைய கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். தூசியும் சூடேறிய பிளாஸ்டிக்கும் கலந்த அந்த வாசனை குப்பென்று வந்தது. உள்ளே மூலையில் பல்லி இரண்டு முட்டை இட்டு வைத்திருந்தது. எதிரே ஒரு கல்லூரிப் பெண்ணும் அவள் அம்மாவும் நின்றிருந்தார்கள். பெண்ணின் கையில் ஒரு தாள். அதன் முதல் வரியில் கிராபிக்ஸ் கார்டு என்று எழுதி இரண்டு தடவை அடிக்கோடு போட்டிருந்தாள். எட்டாயிரத்துக்கு மேலே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் தம்பி என்று அம்மா சொன்னார். நான் வாயைத் திறந்து, "எது நல்லா இருக்குன்னு அப்புறம் பாக்கலாம்மா, எது பத்தலன்னு மொதல்ல பாக்கலாம்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் அது என் பேச்சு இல்லை என்று உறைத்தது. உன் பேச்சுடா அது. ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போவதுபோல் உள்ளே போய்விட்டேன்.

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. உட்கார்ந்து கடிதம் எழுதுகிற ஆள் இல்லை நான், உனக்கே தெரியும். பரீட்சையில் கட்டுரை கேட்டால் அரைப் பக்கத்தில் முடித்துவிட்டு எழுந்து வருகிறவன். ஆனால் போன மாதம் ஒரு விஷயம் தெரியவந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை பேசவேண்டும், பொறுத்துக்கொள்.

கள்ளக்குறிச்சியில் மூன்று வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம். படித்து முடித்து, வேலை இல்லாமல், போட்டித் தேர்வுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிய நாட்களில்தான் அந்தக் கம்ப்யூட்டர் வந்தது. ஏதோ ஓர் அலுவலகத்தில் கழித்துப் போட்டது. உன் பங்கு, மலையில் கடுக்காய் பொறுக்கி விற்ற பணம். என் பங்கு, கரும்பு வெட்டின்போது அப்பா கொடுத்தது. மலைமேல் உங்கள் ஊரில் மின்சாரம் வந்தால் வந்தது, போனால் போனது. அதனால் வடக்கனந்தலில் எங்கள் வீட்டு மாடி அறையில் அது குடியேறியது. வாரத்தில் மூன்று நாள் நீ கீழே இறங்கி வந்து எங்களோடு தங்குவாய். எங்கள் அம்மா உனக்கும் சேர்த்தே உலை வைத்தாள்.

எங்கள் கிணற்றில் அப்பாவுக்கு நாலு நாள், சித்தப்பாவுக்கு நாலு நாள் என்று தண்ணீர் முறை உண்டு. ஒருவர் முறையில் இன்னொருவர் மோட்டார் சுவிட்சைத் தொடக்கூடாது. அதைக் கேட்டதும் உனக்கு ஒரே குஷி. கம்ப்யூட்டருக்கும் முறை போட்டுவிட்டாய். ஒரு நாள் சாயங்காலம் உன்னுடையது, மறுநாள் என்னுடையது. என் முறையில் நான் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடி, ஐந்தாவது நிமிஷத்தில் செத்துப்போவேன். உன் முறையில் நீ லாரி ஓட்டுவாய். வேறு எதையும் தொடமாட்டாய். ஏதோ ஒரு பனி நாட்டில், ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்து, மேலே ஏறி வருகிற வண்டிக்கு ஒதுங்கி நின்று வழி விடுவாய். அது கம்ப்யூட்டர் ஓட்டுகிற வண்டிடா, அதற்கு நன்றி எல்லாம் தெரியாது என்று நான் கத்துவேன். ஏறுகிற வண்டிக்குத்தான் கஷ்டம் என்பாய். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற எனக்குத் தூக்கம் வரும்.

மெஷின் பொது. ஆனால் பிறகு சேர்த்த ஒவ்வொன்றும் யாருடையது என்று இரண்டு பேருக்கும் மனப்பாடம். ராம் மெமரி இரண்டு, ஒன்று உன்னுடையது, ஒன்று என்னுடையது. மானிட்டர் என்னுடையது. எஸ்.எஸ்.டி. என்கிற வேகமான டிஸ்க் உன்னுடையது. அந்த எஸ்.எஸ்.டி.யை வாங்கிய அன்று நான் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்குக் கிராபிக்ஸ் கார்டு வேண்டும். நீயோ கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பழைய டிஸ்க் நூறு சதவீதத்தில் திணறுவதை விரலால் தொட்டுக் காட்டினாய். எது பத்தலன்னு மொதல்ல பாரு என்று நீ சொன்னது அன்றைக்குத்தான். நீ சொன்னது சரி. அதனாலேயே எனக்கு இன்னும் எரிச்சல்.

அடுத்து கார்டு என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அந்த வருஷம் கார்டு யானை விலை, குதிரை விலை. செகண்ட் ஹாண்டில் ஒன்று கள்ளக்குறிச்சியில் கிடைத்தது. நீ அதை மாடு வாங்கப் போனவன் பல்லைப் பார்ப்பதுபோல் பார்த்தாய். விசிறியை விரலால் சுற்றிவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாய், யாராவது கழற்றிய கீறல் திருகுகளில் இருக்கிறதா என்று தேடினாய், மோந்து பார்த்தாய். கார்டு நல்லது, ஆனால் இப்போது வேண்டாம் என்றாய். எங்கள் ஊரில் மும்முனை மின்சாரம் விட்டதும் எல்லாக் கிணற்று மோட்டாரும் ஒன்றாக ஓடும். வீட்டில் பல்பு மங்கும், கம்ப்யூட்டர் அணைந்து அணைந்து எழும். கேபினட்டோடு வந்த பழைய எஸ்.எம்.பி.எஸ். இந்தக் கார்டைத் தாங்காது, கார்டோடு சேர்ந்து போர்டும் போய்விடும், முதலில் நல்ல எஸ்.எம்.பி.எஸ். என்றாய். கையில் இருந்தது இரண்டு பேர் பணமும் சேர்த்துப் பதினோராயிரம். ஒன்றுதான் வாங்கமுடியும். கரண்டு கொடுக்கிற டப்பாவுக்கா இவ்வளவு பணம், திரையில் அது தெரியவா போகிறது என்று நான் சண்டை போட்டேன்.

அந்தச் சண்டையோடு போயிருந்தால் பெரிதில்லை, பிறகு வந்தது ஒரு பேச்சு. அவை இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடுபிடித்திருந்த மாதங்கள். ஊர் ஊராக மனு, ஆர்ப்பாட்டம், மறியல். எங்கள் சாதி ஆட்கள் தங்களுக்குத் தனியாக ஒதுக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா ஒரு நாள் விடாமல் போனார். அவர் மகன் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு நாலு வருஷமாக வீட்டில் இருந்தான், அவருக்கும் வயிற்றெரிச்சல் இருந்தது. அன்று மறியலில் வெயிலில் நின்றுவிட்டு மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்தார். நீயும் நானும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். உன் தட்டில் அம்மா அப்போதுதான் கத்திரிக்காய்க் குழம்பு ஊற்றியிருந்தாள். சித்தப்பா உன்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"அவுங்களுக்கு இன்னா, மலையில பொறந்தாவே வேலை. நம்ம பசங்கதான் படிச்சிட்டு தெருவுல நின்னுக்கினு கெடக்குது."

நீ அதற்குள் இரண்டு தடவை பரீட்சை எழுதித் தோற்றிருந்தாய். விண்ணப்பம் போட சிக்னல் தேடிப் பாறை மேல் ஏறி நின்றவன் நீ. அது எனக்குத் தெரியும், அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் அப்பளத்தை உடைத்தேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. நீ தட்டில் இருந்ததை முழுசாகச் சாப்பிட்டு, கை கழுவி, அம்மாவிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினாய். அடுத்த உன் முறைக்கு நீ வரவில்லை. அதற்கடுத்த முறைக்கும் வரவில்லை.

எங்கள் வீட்டில் மனஸ்தாபம் வந்தால் ஒன்றுதான் செய்வார்கள், பாகம் பிரிப்பார்கள். தாத்தா காலத்துக் கூடத்தின் நடுவில் சுவர் எழுப்பியது அப்படித்தான். எனக்குத் தெரிந்த மரியாதையும் அதுதான். அவரவர் பொருளை அவரவரிடம் கொடுத்துவிட்டால் யாரும் யாரையும் குறை சொல்லமுடியாது. மெஷினைத் திறந்து உன் ராமையும் எஸ்.எஸ்.டி.யையும் கழற்றி, செய்தித்தாளில் சுற்றி, பணத்தில் உன் பங்கையும் எண்ணி வைத்துக்கொண்டேன். மறியலால் பஸ் ஓடவில்லை. அப்பாவின் வண்டியை எடுத்துக்கொண்டு மலை ஏறினேன். வழியெல்லாம் நான் ஏதோ நியாயமான காரியம் செய்யப் போகிறேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். புத்தி கெட்டவன்.

நீ மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்தாய். முழங்கை வரை செம்மண். என்னைப் பார்த்ததும் உன் முகம் மலர்ந்தது, அதை நான் பார்த்தேன். பொட்டலத்தை நீட்டி, உன்னோடது என்றேன். நீ கையைத் துண்டில் துடைத்து, பிரித்துப் பார்த்தாய். மலர்ந்த முகம் அப்படியே அடங்கியது.

"நான் பாகம் பிரிக்கச் சொன்னனா?" என்றாய்.

நீ வரப்பில் உட்கார்ந்தாய். மெதுவாகத்தான் சொன்னாய்.

"உங்க சித்தப்பா மேல எனக்கு ஒண்ணும் இல்லடா. புள்ளைக்கு வேலை இல்ல, அந்த மனுசன் கத்துறாரு. நீ பக்கத்துலதான குந்திக்கினு இருந்த. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

அப்போது நான் சொல்லவேண்டியது என்ன என்று ஒரு குழந்தைக்குத் தெரியும். நான் சொன்னது, "சரிடா, நீ சொன்ன மாதிரியே எஸ்.எம்.பி.எஸ். வாங்கிடலாம்" என்பது. நீ என்னை வெகுநேரம் பார்த்தாய். பிறகு சிரித்தாய். பொட்டலத்தை உன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, நட, போலாம் என்றாய். அந்தச் சிரிப்பை நான் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

மறியல் அடங்கியதும் போய் எஸ்.எம்.பி.எஸ். வாங்கினோம். உன் ராமை நீயே திரும்ப மாட்டினாய். ஊர் மோட்டார் எல்லாம் ஓடியபோதும் மெஷின் அசையவில்லை. நான் உனக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன், கணக்கு தீர்ந்தது என்று நினைத்தேன். மூன்றாவது தடவை நீ பரீட்சையில் தேறி வேலைக்குப் போனாய். முதல் சம்பளத்தில் ஒரு கார்டு வாங்கி வந்து என் மடியில் வைத்து, விசிறியைச் சுற்றிப் பார்க்கச் சொன்னாய். நான் சுற்றினேன், சத்தமே இல்லை. எட்டு மாதம்தான் நீ வேலை பார்த்தது. மஞ்சள் காமாலை என்று பச்சிலை குடித்துக்கொண்டிருந்தாய். கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது என்னைத் தெரிந்தது உனக்கு, பேச முடியவில்லை. நான் உன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீ போன பிறகு உன் பொருட்களை உன் வீட்டில் கொடுக்கலாமா என்று ஒரு நாள் நினைத்தேன். மறுபடியும் பாகம் பிரித்தவனாகிவிடுவேன் என்று விட்டுவிட்டேன். எல்லாம் மெஷினுக்கு உள்ளேயேதான் இருக்கின்றன.

இப்போது போன மாதம் நடந்தது. களமருதூரில் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. பந்தியில் எனக்கு நாலு இலை தள்ளி ஒரு மாமா, அவர் அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் மலைக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். இதெல்லாம் சும்மா கிடைத்த வேலை என்றார். அந்த மாமாவுக்கு என்னைவிட முப்பது வயது அதிகம். இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

"சும்மா கெடைக்கல மாமா. என் கூட்டாளி ஒருத்தன் அந்த மலையிலேர்ந்து வந்து மூணு தடவ எழுதினான். எனக்குத் தெரியும். அப்படிப் பேசாதீங்க."

ரசம் பரிமாற வந்தவர் வாளியோடு நின்றுவிட்டார். சித்தப்பா எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தார், இலையை மூடிவிட்டு எழுந்தார். சரி, வீட்டுக்குப் போனதும் இருக்கிறது என்று நினைத்தேன். கை கழுவும் இடத்தில் எனக்காகவே நின்றுகொண்டிருந்தார். தோளில் கை வைத்தார்.

"அந்தப் புள்ளகிட்ட நான் அப்பவே மன்னிப்பு கேட்டுட்டேன்டா. நீங்க கம்ப்யூட்டர் சாமான் வாங்கியாந்தீங்களே, அன்னிக்கு நீ பரோட்டா வாங்கப் போயிருந்த. மாடிக்கு ஏறிப் போயி, சோத்துல கை வச்சவன அப்படிப் பேசியிருக்கக் கூடாது, மனசுல வச்சிக்காதப்பான்னேன். பரவால்ல சித்தப்பா, உக்காருங்கன்னு நாற்காலியப் போட்டான்." தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு, "நீயும் கேட்டிருப்பன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார்.

நான் குழாயைத் திறந்து ஏற்கெனவே கழுவிய கையை மறுபடியும் கழுவினேன்.

பேசிய மனிதர் கேட்டுவிட்டார். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் கேட்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருஷம், எத்தனை சாயங்காலம் நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். சித்தப்பா வந்து பேசியதை ஒரு நாளும் நீ எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வெட்கப்பட்டாவது கேட்டிருப்பேன். வெட்கப்பட்டுக் கேட்கிறது உனக்கு வேண்டாம், நானாகக் கேட்கட்டும் என்று இருந்தாயா? நீ அப்படிப்பட்ட ஆள்தான். மேலே ஏறுகிற வண்டிக்கு வழி விட்டு நிற்கிறவன், எவ்வளவு நேரமானாலும் நிற்பாய்.

இப்போதெல்லாம் எனக்குப் பக்கத்தில் ஒருவர் தலைகுனிந்தால் வாயைத் திறந்துவிடுகிறேன். தப்பாகவும் திறந்திருக்கிறேன், இரண்டு கஸ்டமர்களை இழந்திருக்கிறேன். அது உன்னிடமிருந்து வந்தது, என்னோடு இருக்கும். ஆனால் அந்த ஒரு வார்த்தை உனக்கு வரவேண்டியது, வேறு யாருக்குச் சொன்னாலும் அது உனக்கு வந்து சேராது.

நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய், நான் பக்கத்தில்தான் இருந்தேன். தப்புடா. என்னை மன்னித்துவிடு.