வாசல் போட்டோ

திருப்பதி,
9.12.2025

அன்புள்ள நந்திதாவுக்கு,

நைனா எழுதுவது. நானும் அம்மாவும் படுக்கையில் விழாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், மெல்போர்னில் நீயும் நன்றாகத்தான் இருப்பாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். போனில் பேசினால் ஐந்தாவது நிமிடத்தில் நீ ஒன்று சொல்லி நான் ஒன்று சொல்லி, அம்மா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள், விஷயம் பாதியில் நின்றுவிடுகிறது. அதனால்தான் கடிதம். தெருக்கோடி கலைவாணியின் பெண் மோனிகா பதினெட்டாம் தேதி அங்கே கிளம்புகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். கூடவே அம்மாவின் எள்ளுப்பொடி வரும், ஏர்போர்ட்டில் எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள் என்று சொன்னேன், கேட்கவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, முழங்கால்தான் மழை நாளில் படுத்துகிறது. நான் வழக்கம்போல விடியற்காலையில் ஸ்ரீசிட்டி கம்பெனி பஸ்ஸைப் பிடித்துப் போய், என்னைவிட இருபது வயது சின்னவனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்புகிறேன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இனி உன் கார். முன்பக்கம் ஸ்பிளிட்டர் தட்டு மாட்டியாயிற்று, ஆனால் கார் இப்போது வீட்டில் இல்லை. இரண்டுக்கும் காரணம் நான்தான் என்பதால் ஆரம்பத்திலிருந்தே சொல்லிவிடுகிறேன். அக்டோபரில் நீ போன் செய்தபோது, ஜனவரியில் பத்து நாள் லீவில் வருகிறேன், சென்னையில் சிநேகிதி ரேஷ்மா வீட்டில் தங்குகிறேன், இருபத்து நான்காம் தேதி இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் காரை ஓட்டப் பெயர் கொடுத்திருக்கிறேன் என்றாய். திருப்பதிக்கு எப்போது என்று அம்மா கேட்டதற்கு, காரை எடுக்க வரும்போது வருவேன் என்று சொன்னாய். அம்மா சந்தோஷமாகப் போனை வைத்தாள். எனக்கு அந்த வாக்கியம் மட்டும் காதில் நின்றது. அடுத்த வாரமே மூன்று ஸ்பிளிட்டர் படம் அனுப்பி, காரைச் சித்தூரில் அருள்குமார் கடையில் விட்டுவிடுங்கள், அவனே நல்லதாகப் பார்த்து மாட்டிவிடுவான் என்று எழுதினாய். கார் சித்தூர் போய்விட்டால் நீ சென்னையிலிருந்து நேரே சித்தூர் போய் எடுத்துக்கொண்டு நேரே திரும்பிவிடலாம். இது எனக்கு உடனே புரிந்தது. வேண்டாம், நானே வீட்டில் மாட்டுகிறேன் என்று பதில் போட்டேன். காரணம் கேட்டாய், அருள்குமாரை நம்ப முடியாது என்றேன். அது பாதி உண்மை.

அந்தப் பாதியையும் எழுதிவிடுகிறேன். நான் இருபத்திரண்டு வருஷம் காலேஜில் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் நடத்தினேன், உன்னோடு படித்த அருள்குமார் அதே பாடத்தில் மூன்று முறை தோற்றவன், மூன்று தாளும் நான் திருத்தியவை. முப்பத்தொன்று, இருபத்தெட்டு, முப்பத்து நான்கு. இந்த சார் யாரையும் பாஸ் பண்ண விடமாட்டார் என்று உங்கள் வகுப்பு நிர்வாகத்துக்கு மனு கொடுத்தபோது முதல் கையெழுத்து அவனுடையது. எனக்கு வரவேண்டிய துறைத் தலைவர் நாற்காலி வெங்கடரமணனுக்குப் போயிற்று. பெர்னூலி சமன்பாட்டை இன்றைக்கும் புத்தகம் பார்த்து எழுதுகிறவன் அவன். நான் காலேஜை விட்டு வந்துவிட்டேன். அந்த மனுவில் உன் கையெழுத்து இல்லை, அதை நான் பார்த்தேன். ஆனால் மனு தயாராவது உனக்குப் பதினைந்து நாள் முன்பே தெரியும். பதினைந்து நாளும் எனக்கு எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிட்டாய். எட்டு வருஷமாகிறது, இதுவரை நானும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. இப்போதும் கேட்கவில்லை, எழுதி மட்டும் வைக்கிறேன்.

மூன்றில் எதைத் தேர்ந்தெடுத்தேன் என்று அம்மாவுக்குச் சொன்ன மாதிரியே உனக்கும் சொல்கிறேன். ஸ்பிளிட்டர் என்பது காரின் மூக்குக்கு அடியில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தட்டு. எதிர்க்காற்று மூக்கில் மோதித் தேங்குவதால் தட்டின் மேல் அழுத்தம் கூடும், அடியில் காற்று விரைந்து ஓடுவதால் அங்கே அழுத்தம் குறையும், வளைவில் முன்சக்கரம் தரையை விடாது. நீ அனுப்பியதில் முதலாவது மூன்று துண்டாக வரும் ரப்பர் உதடு, எல்லாக் காருக்கும் பொருந்தும் என்று போட்டிருந்தான், எல்லாவற்றுக்கும் பொருந்துவது எதற்கும் பொருந்தாது. இரண்டாவது ஃபைபரின் மேல் கார்பன் மாதிரி பளபளவென்று ஸ்டிக்கர் ஒட்டியது, உனக்குப் பிடித்தது அதுதான் என்று தெரியும், அது போட்டோவுக்கு ஆகும். மூன்றாவது கடைகளின் பெயர்ப்பலகைக்குப் போடுவார்களே, இரண்டு அலுமினியத் தகட்டுக்கு நடுவில் பிளாஸ்டிக் வைத்த ஷீட், அதில் உன் கார் மாடலுக்கென்றே வெட்டி, பம்பருக்குக் கீழே இறங்கும் தடுப்போடு வருவது. பார்க்க ஒன்றுமில்லை, வளையாது, உடைந்தால் மறுபடி வெட்டிக்கொள்ளலாம். அதைத்தான் வரவழைத்தேன். நிறைய பேர் இதைப் பம்பரில் திருகிவிடுகிறார்கள், பம்பர் வெறும் பிளாஸ்டிக், வேகத்தில் தட்டோடு சேர்ந்து பிய்ந்துவிடும். நான் பம்பரைக் கழற்றி, சேஸிஸில் நான்கு இடத்தில் இரும்புப் பட்டை கொடுத்துத் தட்டைத் தாங்க வைத்தேன். விளிம்பு முழுக்கக் கார்க் கண்ணாடி ஒட்டுகிற பசையும் போட்டேன். கழற்ற வேண்டிய அவசியம் வராது என்று நினைத்தேன். நான்கு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. முடிந்ததும் தட்டின் நுனியில் ஏறி நின்றேன், எழுபத்திரண்டு கிலோவுக்கு அசையவில்லை.

தட்டு மாட்டியதும் மூக்கின் உயரம் ஏழு அங்குலத்திலிருந்து நாலரைக்கு வந்துவிட்டது. அதனால் நீ போகப்போகிற வழியை அளந்துவிடுவது என்று இரண்டு சனிக்கிழமை லீவு போட்டு, ஸ்கூட்டரில் புத்தூர், நகரி வழியாகத் திருத்தணி வரை போய் ஒவ்வொரு வேகத்தடையாக இறங்கி டேப் வைத்து அளந்தேன். நாற்பத்தொன்று. எதை நேராக ஏறலாம், எதைச் சாய்வாக ஏற வேண்டும், எதற்கு மாற்றுத் தெரு என்று குறித்திருக்கிறேன், தாள் இந்த உறையிலேயே இருக்கிறது. நகரியில் ஒரு தறிக்கூடத்து வாசலில் குனிந்து அளந்துகொண்டிருந்தபோது, நூல் கண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண்மணி வெளியே வந்து, நான் ரோடு போடுகிற இஞ்சினியர் என்று முடிவு செய்துகொண்டு, முதலில் தெலுங்கில் திட்டினாள். நான் தமிழ் என்று தெரிந்ததும், "எத்தினி வாட்டி அளப்பீங்கோ, அளந்துக்கினே இருங்கோ, மழத் தண்ணி எங்கூட்டுக்குள்ளதான் வந்துக்கினு கீது" என்று தமிழிலும் திட்டினாள். நான் இஞ்சினியர் இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை, எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இந்த நடுவில் நீ ஒரு செய்தி அனுப்பியிருந்தாய். ஸ்பிளிட்டர் வேலை எங்கே நடந்தாலும் சரி, முதலில் வீட்டு வாசலைப் போட்டோ எடுத்துத் தனக்கு அனுப்பச் சொன்னான் அருள்குமார் என்று. என் வீட்டு வாசலை அவன் எதற்குப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன், அனுப்பவில்லை.

நவம்பர் கடைசி ஞாயிறு காரை வெளியே எடுத்தேன். அம்மா நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காய் சுற்றி, மலை இருக்கும் பக்கம் பார்த்துக் கும்பிட்டுவிட்டு எடுக்கச் சொன்னாள். பழம் நசுங்கியது, கார் ஆறடி நகர்ந்தது, அப்புறம் கரகரவென்று ஒரு சத்தம். அம்மா அதையும் பழம் என்றே நினைத்தாள். இறங்கிப் பார்த்தால் தட்டு நம் வாசல் சாய்வில் முட்டிக்கொண்டு நிற்கிறது. உனக்குத் தெரியும், தெருவில் பழைய ரோட்டைத் தோண்டாமலே அதன்மேல் புது சிமெண்ட் ரோடு, அதன்மேல் இன்னொன்று என்று போட்டுப் போட்டு நம் போர்ட்டிகோ ரோட்டுக்கு ஒன்பது அங்குலம் கீழே போய்விட்டது, காண்ட்ராக்டர் நாலடி நீளத்தில் ஒரு சாய்வைப் பூசிவிட்டுப் போனான். அதைப் பற்றி நான் ஏழு மனு எழுதினேன், ஒன்றுக்கும் பதில் இல்லை, அதிலிருந்து அந்தச் சாய்வை நான் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. கணக்குப் போட்டேன். சாய்வு பத்தரை டிகிரி. பழைய மூக்கு பன்னிரண்டு வரை ஏறும், தட்டோடு ஏழுதான் ஏறும். திருத்தணி வரை அளந்தவன் என் வாசலை அளக்கவில்லை. பசை போட்டதால் தட்டைக் கழற்றவும் முடியவில்லை. காரைத் தள்ளி உள்ளே விட்டோம். பக்கத்து வீட்டு ஜெபகுமார் வந்து கைகொடுத்தான், எதற்கு என்று கேட்காமல் இருந்தான், அந்த மட்டில் நல்லவன்.

மூன்று நாள் யோசித்தேன். உண்மையைச் சொன்னால், இப்படியே இருந்தாலும் நல்லதுதான் என்று முதல் நாள் தோன்றியது. கார் வெளியே போக முடியாது, நீதான் வந்தாக வேண்டும். நான்காம் நாள் அருள்குமாருக்குப் போன் செய்தேன். எட்டு வருஷத்தில் முதல் தடவை. சார் என்றான், வேறு ஒன்றும் கேட்கவில்லை, மறுநாள் மத்தியானம் டெம்போவில் வந்து நின்றான். உடம்பு பெருத்திருக்கிறது, முன்தலையில் முடி இல்லை. காரைப் பார்க்காமல் முதலில் வாசலைப் பார்த்தான். பிறகு சொன்னான், "நான் மொதல்ல கேட்டது இன்னா சார்? வாசல் போட்டோ. கார எல்லாரும் காட்றாங்கோ, வாசல எவனும் காட்டமாட்டறான். சித்தூர்ல பாதி வூடு ரோட்டுக்குக் கீழ பூட்ச்சி சார்." அவன் கடையில் யார் வந்தாலும் வாசல் படம் வந்த பிறகுதான் ஸ்பிளிட்டரைப் பற்றியே பேசுவானாம். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, நான் நடத்தியதும் இல்லை. அப்புறம் செருப்பைக் கழற்றிவிட்டு, ஏறி நிற்கலாமா என்று என்னைக் கேட்டுத் தட்டின்மேல் நின்று பார்த்தான். "அசையல சார். ஃபிட்டிங் நூத்துக்கு நூறு. ஆனா வண்டி வெளிய வரலியே, நீங்களே சொல்லுங்கோ, எத்தினி மார்க் போடறது?" சிரிக்காமல்தான் கேட்டான். நான் முப்பத்து நான்கு என்று சொல்லியிருக்கலாம், அப்போது தோன்றவில்லை.

மெல்லிய கம்பியால் பசையை அறுத்துத் தட்டை எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. இரும்புப் பட்டைகளை அப்படியே விட்டுவிட்டான், போல்ட்டுக்குப் பதில் இழுத்தால் வந்துவிடுகிற பின் போட்டால் பத்து நிமிடத்தில் மாட்டிக் கழற்றலாம், அந்தத் துளைகளைக் கடையில் போட்டுத் தருகிறேன், காரை இங்கேயே வைத்துக்கொள்ளுங்கள், தட்டை மட்டும் கொண்டுபோய்த் திருப்பி அனுப்புகிறேன் என்றான். நான் சரியென்று சொல்ல இருந்தேன். அம்மா அவனுக்கு மோர் கொண்டுவந்தவள், அவன் காருக்கு அடியில் படுத்திருக்கும்போது என் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகச் சொன்னாள், "வண்டிய கட்டிப் போட்டுக்கினா பொண்ணு வந்துடுவாளா?" அவளுக்கு இது எப்போதிலிருந்து தெரியும் என்று தெரியவில்லை. நான் சாவியை எடுத்துவந்து, காரையும் கொண்டுபோ, லிஃப்ட்டில் ஏற்றி முன்சக்கரம் முழுக்கத் திருப்பினால் பட்டையில் உரசுகிறதா பார் என்று அருள்குமாரிடம் சொன்னேன். தட்டு இல்லாமல் கார் சாய்வில் ஒரு சத்தமும் இல்லாமல் ஏறிப் போயிற்று. அவனே ஓட்டினான், கூட வந்த அவன் தம்பி தட்டை டெம்போவில் வைத்துக்கொண்டு பின்னால் போனான்.

ஆகவே கார் இப்போது சித்தூரில் இருக்கிறது, நீ முதலில் சொன்ன இடத்தில். சென்னையிலிருந்து நேரே அங்கே போய் எடுத்துக்கொள்ளலாம், திருப்பதிக்கு வர வேண்டிய வேலை ஒன்றும் இல்லை. ரோட்டில் ஓட்டும்போது தட்டைக் கழற்றி வைத்துக்கொள், டிராக்குக்குள் போய் மாட்டு, போலீஸிடம் விளக்கம் சொல்கிற தொல்லை இல்லை. முதல் நான்கு சுற்று மெதுவாகப் போய் நிறுத்தி, பட்டைக்கு இரண்டாகப் போட்ட எட்டுப் பின்னும் இருக்கிறதா என்று நீயே குனிந்து பார், வேறு யாரையும் பார்க்கச் சொல்லாதே. மூக்கு அமுங்கினால் பின்பக்கம் லேசாகும், வேகமான வளைவில் பிரேக் மிதிக்காதே. இதெல்லாம் நான் நடத்தியபோது நீ இரண்டாவது பெஞ்சில் இருந்தாய், மறந்திருக்க மாட்டாய்.

இன்னொன்று. போன வாரம் கொத்தனாரைக் கூப்பிட்டு வாசல் சாய்வை இடித்துவிட்டேன். ரோட்டுப் பக்கம் நீட்ட இடமில்லை, உள்பக்கமாக எட்டடிக்கு இழுத்துப் பூசியிருக்கிறது, போர்ட்டிகோவில் போன வருஷம் போட்ட டைல்ஸ் பாதி போயிற்று. இப்போது சாய்வு ஐந்தரை டிகிரிக்கும் கொஞ்சம் கீழே. போர்ட்டிகோ இருபத்திரண்டு அடி, மீதி பதினான்கு, உன் கார் பதின்மூன்றே முக்கால், நிற்கும். என் ஸ்கூட்டருக்கு இடமில்லை, அது தெருவில் நின்றுகொள்ளும். தட்டோடு வந்தாலும் ஏறும், தட்டில்லாமல் வந்தாலும் ஏறும், காரே இல்லாமல் பஸ்ஸில் வந்தாலும் நடந்து ஏறலாம். அம்மா முழங்காலுக்கும் இது பரவாயில்லை என்கிறாள். நேற்று சிமெண்ட் காய்ந்ததும் போட்டோ எடுத்து அருள்குமாருக்கு அனுப்பினேன். பாஸ் சார் என்று பதில் வந்தது.

எள்ளுப்பொடி வந்து சேர்ந்தால் அம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல், சேராவிட்டாலும் சேர்ந்தது என்று சொல். வேகத்தடைத் தாளைத் தொலைத்துவிடாதே, திருப்பதிப் பக்கம் வருவதாக இருந்தால்தான் அது பயன்படும். மலை மேல் இருப்பவன் உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும், நீ போகிற வழியெல்லாம் நல்லபடியாக இருக்கட்டும். அம்மா தன் ஆசீர்வாதத்தையும் சேர்த்து எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

உன் நைனா,
மணிவேல்