அஸ்ஹார் காலத்து ஸ்பிரிங்

மூவார்,
15 நவம்பர் 2009

அன்புள்ள சல்மியாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் நதிராவும் நலம். தவாவில் உனக்கு இருமல் நின்றதா? ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட் முடிந்ததும் சாப்பிடாமல் தூங்கிவிடாதே. இங்கே பத்து நாளாக மழை. ஆற்றங்கரைச் சாலையில் கணுக்கால் தண்ணீர். பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது, உன் துணி அலமாரியில். நதிராவுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. கணக்கு மட்டும் சரியில்லை என்கிறாள்.

இனி, போனில் சொல்ல முடியாமல் போன விஷயம். மூன்று முறை முயன்றேன். மூன்று முறையும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிட்டேன்.

போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை உன் குட்டிக் கஞ்சில் காரின் நான்கு ஸ்பிரிங்குகளையும் கழற்றிவிட்டேன். நேற்று அதே நான்கையும் திரும்ப மாட்டியாகிவிட்டது. இரண்டு வாக்கியத்தையும் சேர்த்துப் படித்துவிட்டுக் கோபப்படு.

ஏன் கழற்றினேன் என்று சொல்ல வேண்டுமானால், நம் கல்யாணம் முடிந்த வாரத்திலிருந்து தொடங்க வேண்டும். உன் அக்கா வீட்டு விருந்துக்கு அந்தக் காரில்தான் போனோம். நீ ஓட்டினாய். பள்ளிவாசல் முனையிலுள்ள வேகத்தடைக்கு முன்னால், “பல்லைக் கடிச்சுக்குங்க” என்றாய். கடித்துக்கொண்டேன். அப்படியும் இடுப்பெலும்பு தலைக்கு வந்து திரும்பிப் போனது. விருந்தில் உன் அக்காவிடம் கேட்டேன், கார் ஏன் தரையோடு தரையாகத் தவழ்கிறது என்று. “அது குட்டை ஸ்பிரிங்கு. அஸ்ஹார் காலத்துல போட்டது” என்றாள்.

அஸ்ஹார் போட்டது என்று என் காதில் விழுந்தது.

ஒரு மாதம் கழித்து உன்னிடம், “ஸ்பிரிங்கை மாத்திடலாமா?” என்று கேட்டேன். நீ “இருக்கட்டும்” என்றாய். சொல்லிவிட்டு ஸ்டீயரிங்குக்கு மேலே இருந்த தூசியை உள்ளங்கையால் துடைத்தாய். அவ்வளவு மெதுவாகத் துடைத்தாய். அந்தக் கை எனக்கு மூன்று வருஷமாக மறக்கவில்லை.

சல்மியா, நதிராவின் அறையில் அவள் அப்பா அஸ்ஹாரின் படம் இருப்பது எனக்கு ஒன்றும் செய்ததில்லை. பெருநாளைக்கு உன்னோடு வந்து அவர் கபரில் புல் பிடுங்கியிருக்கிறேன். நீ மீன் குழம்பில் புளி தூக்கலாக வைப்பது அவர் நாக்குக்குப் பழகிய கை என்று தெரிந்தும் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். டெங்குக் காய்ச்சலில் நான்கே நாளில் போன மனிதர்மேல் என்ன பொறாமை? ஆனால் அந்த ஸ்பிரிங்கை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. ஒவ்வொரு குழியிலும் பின்சீட்டில் உட்கார்ந்து யாரோ என் முதுகில் உதைப்பதுபோல் இருந்தது. நீ வேறு, ஒவ்வொரு வேகத்தடையிலும் சீட்டிலிருந்து ஒரு விரற்கடை எழும்பி, குறுக்காக வண்டியைத் திருப்பி, ஒரு சத்தமுமில்லாமல் தாண்டுவாய். உங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த ஏதோ பாஷையில் பேசிக்கொள்வதுபோல் இருக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

வேலை மாற்றலில் நீ தவாவ் போகும்போது சாவியை என்னிடம் கொடுத்தாய். நானும் கவனமாகத்தான் ஓட்டினேன். பெஞ்சு நாற்காலிக்குப் பாலிஷ் போடுகிற கை, அவசரப்படாது. ஆனால் பள்ளிக்கூட வாசல் வேகத்தடையை நேராக ஏறிவிட்டேன். வண்டியின் வயிறு தரையில் தேய்ந்து, தகரத்தைக் கிழிப்பதுபோல் ஒரு சத்தம். வாசலில் நின்ற பிள்ளைகள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நதிரா முகத்தைப் பையால் மறைத்துக்கொண்டு இறங்கினாள். இறங்கும்போது சொன்னாள்: “அப்பா கூட இப்படி இடிச்சதில்ல, சித்தப்பா.”

அந்த ‘கூட’ எனக்குக் கேட்கவில்லை. ‘அப்பா’ மட்டும் கேட்டது.

அடுத்த சனிக்கிழமை காரை எடுத்துக்கொண்டு போனேன். ஹெங்கின் பட்டறைக்குப் போகவில்லை. அவருக்கு அஸ்ஹாரைத் தெரியும். பாக்ரி சாலையில் பேர் தெரியாத ஒரு பட்டறை. பழைய இரும்புக் கடையிலிருந்து, கம்பெனியில் வந்த உயரத்துக்கே நான்கு ஸ்பிரிங் கொண்டுவரச் சொன்னேன். உன்னுடையதைக் கழற்றித் தரையில் போட்டார்கள். சிவப்புப் பெயிண்ட் உரிந்து, சேறு அப்பி, ஒரு முழம்கூட இல்லை. இவ்வளவுதானா நீ என்று பார்த்துக்கொண்டு நின்றேன். பட்டறைக்காரன், “இதை என்ன செய்ய?” என்றான். “யாருக்காவது குடுத்துடு” என்றேன்.

இன்னொன்றும் செய்தேன். எழுதாமல் விடலாம் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு நேர் வழி இருக்க, கபரஸ்தான் சாலையைச் சுற்றிக்கொண்டு வந்தேன். அந்தச் சாலையில் எத்தனை குழி இருக்கிறது என்று உனக்குத் தெரியும். கார் படகுபோல் மிதந்து போனது. வாசலுக்கு நேராக வேகத்தைக் குறைத்தேன். பார்த்துக்கொள் என்று அவருக்குக் காட்டினேன். நாற்பத்தாறு வயசு ஆள், ஐந்து வேளை தொழுகிறவன். அன்று சாயங்காலம் தொழுகையில் நின்றபோது எனக்கே கூசியது.

நதிரா வாசலில் நின்று, டயருக்கும் மேலே இருக்கிற தகட்டுக்கும் நடுவில் தெரிந்த இடைவெளியைப் பார்த்தாள். கைலியை முழங்காலுக்கு மேலே தூக்கிக் கட்டின ஆள் மாதிரி நின்றது வண்டி.

“அம்மாகிட்ட கேட்டீங்களா?”

“இல்ல.”

“நான் இனிமே பஸ்ல போய்க்கறேன்.”

அன்றிலிருந்து பஸ்ஸில்தான் போனாள். சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றால்கூட என்னைக் கேட்காமல் எழுந்து வந்து எடுத்துக்கொண்டாள். நானும் வீம்பாக, மெத்தென்று, தனியாக ஓட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒருநாள் பெட்ரோல் பம்பில் ஹெங் பார்த்துவிட்டார். தன் வேனை அப்படியே விட்டுவிட்டு வந்து, என் காரின் பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

“இதை யாரு தூக்கி வெச்சது?”

“நான்தான். முதுகு வலி, ஹெங்.”

“சல்மியா சரின்னாளா?”

பெட்ரோல் மூடியைத் திருகி மூடினேன். கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. “எத்தனை நாளைக்குத்தான் அஸ்ஹார் போட்டதைக் கட்டிக்கிட்டு அழுறது?” என்றேன்.

ஹெங் என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் அந்தக் கிழவர் சிரித்த சிரிப்பில் பம்புக்காரப் பெண் எட்டிப் பார்த்தாள்.

“அஸ்ஹாரா? அட நீ ஒண்ணு! அவன் என் பட்டறையில நின்னு ஒரு மணி நேரம் திட்டினான் தம்பி. ‘இவளைக் கட்டிக்கிட்டு என் முதுகெலும்பு போச்சு, சொல்லுங்க ஹெங், நீங்களாவது சொல்லுங்க’ன்னு. கல்யாணத்துக்குப் போட்ட வளையல்ல ஒண்ணைக் காணோம்னு மாமியார்க்காரி வீட்டைப் புரட்டிக்கிட்டு இருக்கா. சல்மியா அதை வித்துட்டு பஸ்ல வந்து இறங்கறா, அரிசிச் சாக்குல நாலு ஸ்பிரிங்கு! நான் மாட்டறேன்னேன். கேக்கல. நர்ஸ் உடுப்போட கீழ படுத்துட்டா. பின்னாடி ரெண்டும் அவ மாட்டினது.”

நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் விடவில்லை.

“சாகில் பக்கம் லெடாங் மலையடியில வளைவு வளைவாப் போகுமே ரோடு, அங்க ஓட்டுவா. வண்டி ஒரு பக்கம் சாயணுமே? சாயாது. அஸ்ஹார் கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருப்பான். எறங்கினதும் திட்டுவான். அடுத்த வாரம் மறுபடி கூடப் போவான்.”

அன்று வீட்டுக்கு வந்து நதிராவிடம் கேட்டேன், இதெல்லாம் உனக்குத் தெரியுமா என்று.

“தெரியுமே. அப்பாவுக்கு அந்த ஸ்பிரிங்கைக் கண்டாலே ஆகாது.”

“ஏம்மா என்கிட்ட சொல்லல?”

“நீங்க கேக்கலையே.”

மறுநாளே பாக்ரி சாலைக்குப் போனேன். பட்டறைக்காரன் கையை விரித்தான். பாரிட் ஜாவாவில் தையல்கடை வைத்திருக்கும் யுஸ்னிசா என்ற பெண்ணுக்குக் கொடுத்து, அவள் காரில் மாட்டியும் விட்டானாம். அங்கே போனேன். முப்பது வயசு இருக்கும். வாயில் குண்டூசியோடு, பெருநாள் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினாள்.

“குடுத்தது குடுத்ததுதான் அண்ணே. நாலு வாரமா ஓட்டறேன், எனக்குப் பிடிச்சுப் போச்சு.”

“புதுசா நாலு வாங்கித் தர்றேன்மா.”

“புதுசு கிடைக்கும்னா நீங்களே புதுசு போட்டுக்க வேண்டியதுதானே? இதுதான் வேணும்னா என்ன அர்த்தம்?”

“அது என் பெண்டாட்டி வளையலை வித்து வாங்கினது. அவளைக் கேக்காம நான் கழட்டிட்டேன்.”

“எதுக்குக் கழட்டினீங்க?”

கடையில் இன்னும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். அளவு கொடுக்க வந்தவர்கள். நாடாவைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்கள்.

“பொறாமை” என்றேன்.

“யாரு மேல?”

“செத்துப்போன ஒருத்தர் மேல.”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். யுஸ்னிசா கத்தரிக்கோலை வைத்துவிட்டு, “சனிக்கிழமை வந்து எடுத்துக்குங்க. புதுசை நீங்களே மாட்டிக் குடுக்கணும்” என்றாள். நான் வாசலைத் தாண்டியதும் கூப்பிட்டாள்: “உங்க பெண்டாட்டிகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. எனக்கு வளைவுல பின்னாடி டயர் உரசுது. அவங்க என்ன பண்ணினாங்கன்னு.” அதை மறக்காமல் எழுது. அவளுக்குச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நேற்று இரண்டு காரையும் ஹெங் பட்டறையில் ஏற்றினோம். பின்னால் இரண்டையும் நான்தான் மாட்டினேன். கீழே படுத்து, மழைத்தண்ணீர் முதுகில் ஓட, கையில் மூன்று இடத்தில் தோல் போய். ஷாக் அப்சார்பர் நான்கும் செத்துவிட்டது, அதனால்தான் உன் வண்டி இப்படித் தூக்கிப்போட்டது என்றார் ஹெங். ஸ்பிரிங்கின்மேல் ஒரு குற்றமும் இல்லையாம். புதுசு போட்டாகிவிட்டது. சக்கரத்தையும் நேராக்கியாயிற்று. திங்கட்கிழமை காரில் வருவதாக நதிரா சொல்லியிருக்கிறாள். “ஆனா ஸ்கூல் வாசலுக்கு முன்னாடியே எறக்கி விட்டுடுங்க சித்தப்பா” என்று ஒரு நிபந்தனை.

இதோடு மனசு சுத்தமாகிவிட்டது என்று எழுதினால் பொய். முன்பு இருந்தது போய்விட்டது, வேறொன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. இதற்கு முன்னால் அவர் உனக்கு என்ன கொடுத்துவிட்டுப் போனார் என்று பொறாமைப்பட்டேன். இப்போது, நீ அவருக்கு எப்படிப்பட்டவளாக இருந்தாய் என்று பொறாமை. வளையலை விற்றுவிட்டு மாமியாருக்கு முன்னால் ஒன்றும் தெரியாத முகத்தோடு நின்றவளை அவர் பார்த்திருக்கிறார். வளைவில் மூன்றாம் கியரில் சிரித்தவளைப் பார்த்திருக்கிறார். எனக்குக் கிடைத்தவள் நாற்பதுக்கு மேல் முள் ஏறாமல் ஓட்டுகிறாள். எதைக் கேட்டாலும் இருக்கட்டும் என்கிறாள். குழம்பில் உப்பு குறைகிறதா என்றால் இருக்கட்டும். வேலை மாற்றி வேறு ஊருக்குப் போடுகிறார்களா, இருக்கட்டும். ஸ்பிரிங்குக்கு நீ சொன்ன ‘இருக்கட்டும்’ மட்டும் அவருக்காக என்று நினைத்துவிட்டேன். அது உனக்காகச் சொன்னது என்று தெரியவில்லை. எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லையா, இல்லை, இவனிடம் எதற்கு என்று நீயே சொல்லாமல் விட்டாயா? இதற்கு நீ பதில் எழுத வேண்டாம்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நீ வருகிற அன்று விமான நிலையத்துக்கு நான் வருவேன். உன் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு, பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்துகொள்வேன். நெடுஞ்சாலை வழியாக வேண்டாம். சுற்றுதான், இருந்தாலும் சாகில் வழியாகப் போவோம். களைப்பாக இருக்கிறது என்று சொல்லிவிடாதே. நான் பயந்து, கத்தி, இறங்கினதும் உன்னை வாய்க்கு வந்தபடி திட்ட வேண்டும், சல்மியா. மூன்று வருஷமாக உன்னைத் திட்ட எனக்கு ஒரு காரணம்கூட நீ கொடுத்ததில்லை.

அல்லாஹ் உன்னை நல்லபடியாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். மெதுவாக வா என்று எழுத வந்தது கை. அதை அடித்துவிட்டேன்.

உன்
ஜம்ரி